ஏழாம் எண் பாட்டில்

காலை பத்தே முக்காலுக்கு நதித் தூய்மை வாரியத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல ஒரு சைரன் அலறியது.

"தீ! தீ!" என்று கத்திக்கொண்டு முதல் ஆளாக வெளியே பாய்ந்தவர், தீ விபத்து நேர்ந்தால் கடைசி ஆளாக வெளியே வர வேண்டிய பாதுகாப்பு அதிகாரி. அவர் பின்னால் நாற்பத்திரண்டு பேர். இரண்டே நிமிடத்தில் வாரியம் முழுவதும் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்று, தீ விபத்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் இயக்குநர்.

"ஒருத்தர் குறையுது சார். நம்ம பாட்டில்காரர்."

"எரிஞ்சிட்டாரா?"

"தெரியல சார். இன்னும் கையெழுத்துப் போடல."

பாட்டில்காரர் எரியவில்லை. உள்ளே தாழ்வாரத்தில், சுவரில் மாட்டியிருந்த பலகைக்கு முன்னால், கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அது மூன்றாவது டீ. பலகையில் இரண்டே விளக்குகள். பச்சை விளக்குக்குக் கீழே 'தூய்மை' என்று அழகாக எழுதியிருந்தது. சிவப்பு விளக்குக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. அது எரியும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போது அதுதான் எரிந்துகொண்டிருந்தது.

எட்டு மாதங்களுக்கு முன்னால், ஆற்றின் ஏழாம் சோதனை இடத்தில், தண்ணீரைத் தானாகவே சோதித்துச் சொல்லும் ஒரு கருவியை நிறுவினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மின்சார இணைப்பு மட்டும் கொடுக்கவில்லை. விண்ணப்பம் நகர்ந்து நகர்ந்து, அன்று காலைதான் ஒரு மின்பணியாளர் போய் ஒயரைச் சொருகினார். கருவி கண் விழித்தது, முதல் மடக்குத் தண்ணீரை உறிஞ்சியது, உறிஞ்சிய வேகத்தில் ஓலமிட ஆரம்பித்தது. ஆற்றங்கரையில் ஒரு சைரன், அலுவலகத்தில் ஒரு சைரன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் சேர்ந்தே அழுதன.

பாட்டில்காரர் மூன்றாவது டீயின் கடைசி மிடறைக் குடிக்காமல் டம்ளரை ஜன்னலில் வைத்தார்.

தீ இல்லை என்று தெரிந்ததும் எல்லோரும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு உள்ளே வந்தார்கள். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்கள். கருவியை எப்படி நிறுவுவது, எப்படித் திறந்து வைப்பது, எந்தத் துணியால் துடைப்பது என்று தொண்ணூறு பக்கம் இருந்தது. அலறினால் என்ன செய்வது என்பதற்கு ஒரே ஒரு வரி: 'மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

"இங்க எனக்கு மேல யாரும் இல்லையே!" என்றார் இயக்குநர்.

"அப்ப உங்களுக்கே தெரிவிச்சிருங்க சார்" என்றார் வரைபடப் பிரிவு அம்மாள். வாரியத்தில் மூளை என்று ஒன்று இருந்தால் அது அவரிடம்தான் இருக்கிறது என்று பேர்.

இயக்குநர் தமக்குத் தாமே ஒரு கடிதம் எழுதினார். அதைத் தபால் பிரிவுக்கு அனுப்பி, முத்திரை குத்தி, அரை மணி கழித்து அதைத் தாமே பெற்றுக்கொண்டு படித்து, "ஓ! விஷயம் பெருசா இருக்கே!" என்று அதிர்ந்தார். பிறகு ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதினார். விதிப்படி கடமை முடிந்தது. சைரனுக்கு மட்டும் விதி தெரியவில்லை. அது அலறிக்கொண்டே இருந்தது.

கருவி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார்கள். "அதை நிறுத்த பட்டன் எல்லாம் கிடையாதுங்க. தண்ணி சுத்தமானா அதுவே நின்னுரும்" என்று பதில் வந்தது.

"என்ன ஒரு பொறுப்பில்லாத டிசைன்!" என்றார் இயக்குநர். "பாட்டில்காரரே, நீங்க போய் ஏழாம் இடத்துல ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வாங்க. நம்ம லேப்ல சோதிச்சு, அந்த மெஷின் மூஞ்சில கரியப் பூசிருவோம். பதினோரு வருஷமா உங்க ஏழாம் நம்பர் பாட்டில் ஒரு தடவையாவது தப்புச் சொல்லியிருக்கா?"

"இல்ல சார்" என்றார் பாட்டில்காரர். தேள் கொட்டிய திருடன் வேறு எப்படிப் பேசுவான்?

அவருடைய வேலை சுலபமானது. மாதம் ஒருமுறை ஆற்றின் எட்டு இடங்களில் இறங்கி, எட்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, எண் எழுதி ஒட்டி, பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டும். முதல் இடம் ஊருக்கு வெளியே. இரண்டாம் இடம் பூங்காவின் பாலத்துக்கு அடியில்; அங்கே வாத்துகள் நீந்தும், குழந்தைகள் ரொட்டித் துண்டு போடும். ஏழாம் இடம் ஊரின் மறுகோடியில். குழாய்க்கும் பெல்ட் கொக்கிக்கும் பளபளவென்று முலாம் பூசும் பட்டறைகளும், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகைகளும் தங்கள் கழிவை ஆற்றில் விடுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே.

பதினோரு வருடங்களுக்கு முன் முதல் தடவை அங்கே முறைப்படி இறங்கினார். முழங்கால் வரை பிளாஸ்டிக் பை. அதற்கு அடியில் நீலமும் பச்சையுமாகத் தண்ணீர். கொண்டுபோய்க் கொடுத்தார். பரிசோதனைக் கூட அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்ப்பா, பாட்டிலக் கழுவலையா?"

"கழுவினேன் சார்."

"கழுவியிருந்தா இப்படி வருமா? இன்னொரு தடவ எடுத்துட்டு வா."

இன்னொரு தடவை எடுத்தார். மூன்றாம் தடவையும் எடுத்தார். மூன்று தடவையும் பாட்டில் கழுவவில்லை என்றே முடிவானது. அதோடு, வாரியத்தில் நல்ல முடிவு வந்தால் ஒரே ஒரு படிவம். மோசமான முடிவு வந்தால் பதினான்கு படிவங்கள், ஒவ்வொன்றும் மூன்று நகல், எல்லாவற்றிலும் மாதிரி எடுத்தவர் கையெழுத்து. விரல் வீங்கிப் போயிற்று. நான்காவது மாதம் மழை. கரை வழுக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, இரண்டாம் இடத்தில் வாத்துகளுக்கு நடுவே இரண்டு பாட்டில் பிடித்தார். ஒன்றில் இரண்டு என்று ஒட்டினார். இன்னொன்றில் ஏழு என்று ஒட்டினார்.

"இப்பத்தான்ப்பா ஒழுங்காக் கழுவியிருக்க!" என்று பரிசோதனைக் கூட அதிகாரி முதுகில் தட்டினார்.

மழை நின்றது. அவர் அப்புறமும் ஏழாம் இடத்தில் இறங்கவில்லை.

விஷயம் அதோடு போயிருந்தால் ஒரு சோம்பேறியின் கதையாக முடிந்திருக்கும். ஆனால் இயக்குநர் படித்தவர். ஆறாம் இடத்தில் அழுக்காக இருக்கும் ஆறு, ஏழாம் இடத்தில் வாத்துக் குளம் மாதிரி சுத்தமாகிவிடுகிறதே என்று அவர் வியந்தார். இரண்டாம் எண் பாட்டிலுக்கும் ஏழாம் எண் பாட்டிலுக்கும் புள்ளி பிசகாமல் ஒரே கணக்கு வருகிறதே என்று இன்னும் வியந்தார். சந்தேகப்படவில்லை, கட்டுரை எழுதினார். 'தன்னைத் தானே குணமாக்கிக்கொள்ளும் நதி' என்று தலைப்பு. அதற்குப் பதக்கம் கிடைத்தது. ஆறு வளைகிற அந்த இடத்துக்கு 'குணமாக்கும் வளைவு' என்று பெயர் வைத்துக் கல்வெட்டு நட்டார்கள். பட்டறைக்காரர்கள் நதிக்குச் செய்யும் சேவைக்காகப் பாராட்டுப் பத்திரம் வாங்கினார்கள். கடைசியில் வளைவை ஒட்டி வீட்டு மனை போட்டார்கள். வீட்டுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு வாரியச் சான்றிதழ்.

அப்படி ஒரு வீட்டை ஆறு வருடத்துக்கு முன் வாங்கியது பாட்டில்காரரின் தங்கை.

வாங்குவதற்கு முன்னால் அவள் கேட்டாள்: "அண்ணே, தண்ணி எப்படின்னு உனக்குத் தெரியாததா? நீ சொன்னா வாங்குறோம்."

"சான்றிதழ் இருக்குல்ல" என்றார் அவர். அது பொய் இல்லை. சான்றிதழ் இருக்கத்தான் செய்தது. மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது.

இப்போது தோளில் பாட்டில் பையோடு அவர் அந்த வளைவுக்குப் போனபோது, சைரன் தெருவையே உலுக்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு துணி உலர்த்தினார்கள். வாசலிலேயே தங்கை பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, என்ன எழவு சத்தம் இது? உன் ஆபீஸ் மெஷின்தானே?"

"ஆமாம்மா. பாக்கத்தான் வந்தேன்."

"உள்ள வா. டீ போடறேன்."

"வேணாம்மா. நான்தான் டீய விட்டுட்டேனே."

"ஆமா, மறந்துட்டேன். நாங்க இந்த வீட்டுக்கு வந்தப்பவே வயித்துக்கு ஆகாதுன்னு விட்டுட்ட. தண்ணியாவது குடி."

"இருக்கும்மா" என்று பையிலிருந்த தம்முடைய பாட்டிலைத் தட்டிக் காட்டினார்.

கூடத்தில் மருமகள் படுத்திருந்தாள். தங்கை மகள், ஏழு வயது, 'வாலு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். போன வருடம் வரை அந்தப் பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தாள். இப்போது பாயில் சுருண்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், வாரியச் சான்றிதழ்.

"என்னடி வாலு, பள்ளிக்கூடம் போகல?"

"வயிறு வலிக்குது மாமா. என் கலர் பென்சில எல்லாம் அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க."

அவர் தங்கையைப் பார்த்தார்.

"ரத்தத்துல ஈயம் இருக்காம்ண்ணே" என்றாள் அவள், குரலை இறக்கி. "டாக்டர் முதல்ல தண்ணியத்தான் சந்தேகப்பட்டாரு. எனக்குக் கோபம் வந்துருச்சு. எங்க அண்ணனே வாரியத்துல இருக்காரு, அவரே கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்குன்னு எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். அவரு பாத்துட்டு, அப்ப தண்ணியா இருக்காது, பெயிண்ட்ல, பொம்மைல தேடுங்கன்னாரு. பென்சில எறிஞ்சாச்சு. மரக்குதிரைய எறிஞ்சாச்சு. ஜன்னல் பெயிண்டச் சுரண்டியாச்சு. உன் மாப்பிள்ள பஸ் ஓட்டிட்டு வந்து, லீவு நாள்ல எல்லாம் சுரண்டறாரு. இன்னும் எங்கதான் இருக்குன்னு தெரியல."

பாட்டில்காரர் ஜன்னலைப் பார்த்தார். மரம் எலும்பாகத் தெரிந்தது.

"ரத்தத்துலேருந்து அது வெளிய போகணும்ல, அதனால நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்கேன். ஒரு நாளைக்குப் பத்து டம்ளர். எண்ணி எண்ணிக் குடுக்கறேன்" என்றாள் தங்கை. பெருமையாகச் சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்கு... வெளிய எங்கேருந்தாவது தண்ணி வாங்கிக்கயேன்."

"ஏண்ணே?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சைரன் அலறிக்கொண்டிருந்தது, வாயைத் திறந்தால் அதைவிடச் சத்தமாகக் கத்த வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"சும்மா. அந்த மெஷின் ஏதோ சொல்லுதுல்ல."

"மெஷினா? நேத்து வந்த மெஷின நம்பறதா, பதினோரு வருஷமா எடுக்கற எங்க அண்ணன நம்பறதா?" என்று சிரித்தாள். "ஏ வாலு, எழுந்து மாமா முன்னாடி ஒரு டம்ளர் குடி பாப்போம்!"

அவர் எழுந்துவிட்டார். பையிலிருந்த பாட்டில்கள் கிணுகிணுத்தன.

தாம் சொல்ல வேண்டாம், வாரியமே சொல்லட்டும் என்று அவர் வழியில் முடிவு செய்தார். ஏழாம் எண் பாட்டிலை ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும். அறிக்கை வரும், சான்றிதழ் ரத்தாகும், கிணற்றுக்கு மூடி போடுவார்கள், வேறு தண்ணீர் கொண்டு வருவார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பதினோரு வருடத்துக்குப் பிறகு ஏழாம் இடத்தில் இறங்கினார். அப்போது முழங்கால் வரை இருந்த பிளாஸ்டிக் இப்போது இடுப்பு வரை ஏறியிருந்தது. பைகளையும், செருப்புகளையும், ஷாம்பு உறைகளையும், உடைந்த பேட்டரிக் கூடுகளையும் விலக்கி விலக்கிக் கையை உள்ளே விட்டார். தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. கல்வெட்டில் 'குணமாக்கும் வளைவு' என்ற எழுத்துகளில் பாதியைக் கழிவுப் புகை தின்றுவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் பரிசோதனைக் கூட அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவருக்கு இப்போது தலை நரைத்திருந்தது. கேள்வி நரைக்கவில்லை.

"ஏம்ப்பா, பாட்டிலக் கழுவலையா?"

"கழுவினேன் சார். மூணு தடவ."

"ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாம் சேர்ந்துல்ல கூத்தடிக்குது! இத எப்படி எழுதறது? படிவத்துல ரெண்டு இலக்கத்துக்குத்தான் கட்டம் இருக்கு. இது மூணு இலக்கம்."

"கட்டத்துக்கு வெளிய எழுதுங்க சார்."

"கட்டத்துக்கு வெளியவா?" அதிகாரி தம் பேனாவை மூடி வைத்தார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் கட்டத்துக்கு வெளிய ஒரு புள்ளி வச்சது கிடையாது. நீ இயக்குநரப் பாரு."

அன்று பிற்பகல் அவசரக் கூட்டம். மூன்று நாள் சைரனில் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. மேசையைச் சுற்றிக் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார்கள். அதனால் சொன்னதையே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கூட்டம் வழக்கம்போலத்தான் நடந்தது என்று சொல்லலாம். முதல் தீர்மானமாக, ஒலி மாசுக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து வாரியத்துக்கு வந்திருந்த நோட்டீசுக்கு வருத்தம் தெரிவித்தார்கள். இரண்டாவதாகப் பாட்டில்காரரைக் கூப்பிட்டார்கள்.

டீக்காரர் எல்லோருக்கும் டீ வைத்துக்கொண்டு வந்தார். பாட்டில்காரர் தம் டம்ளரைத் தொடவில்லை. எழுந்து நின்றார். 

"சார், மெஷின் சொல்றது நிஜம். இத்தனை வருஷமா ஏழாம் நம்பர் பாட்டில்ல நான் குடுத்தது ஏழாம் இடத்துத் தண்ணி இல்ல. பார்க் பாலத்துக்கு அடியில பிடிச்ச தண்ணி. வாத்துத் தண்ணி. தப்பு என்மேலதான். என்ன வேணும்னாலும் தண்டனை குடுங்க. அந்த வளைவுல இருக்கற கிணறுகள மட்டும் மூடுங்க சார். குழந்தைங்க குடிக்குது."

 ஒவ்வொருவராகக் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்கள்.

இயக்குநர் எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு தகப்பனின் வருத்தம் இருந்தது.

"உக்காருங்க பாட்டில்காரரே. உணர்ச்சிவசப்படாதீங்க. நீங்க தப்பு பண்ணினதா வச்சுக்குவோம். அப்ப என் கட்டுரை தப்பு. கட்டுரைக்கு மெடல் குடுத்தவங்க தப்பு. மெடலப் பாத்து மனை போட்டவங்க தப்பு, மனைய நம்பி வீடு வாங்கினவங்க தப்பு. ஒரு பாட்டிலுக்காக இத்தனை பேரத் தப்பாக்கணுமா? நல்லா யோசிச்சுப் பாருங்க. நம்ம வாரியத்தோட வேலை என்ன? ஆத்தச் சுத்தமா வச்சிருக்கறதா? அது ஆத்தோட வேலை. ஆறு சுத்தமா இருக்குங்கற நம்பிக்கையச் சுத்தமா வச்சிருக்கறதுதான் நம்ம வேலை. தண்ணி கெட்டா வடிகட்டலாம். நம்பிக்கை கெட்டா எதுல வடிகட்டுவீங்க?"

கை தட்டினார்கள்.

"ஆகவே நீங்க தப்பு பண்ணல. இது ஆறுதல் இல்ல. உத்தரவு."

"ஆனா மெஷின் கத்துதே சார்?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

அப்போதுதான் வரைபட அம்மாள் விதிப் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்தார்: "'சோதனை இடம் என்பது, வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஊழியர் தொடர்ந்து மாதிரி எடுத்து வரும் இடம்.' தொடர்ந்து எடுக்கற இடம்! பாட்டில்காரரே, ஏழாம் நம்பர் பாட்டிலத் தொடர்ந்து எங்க எடுத்தீங்க?"

"பாலத்துக்கு அடியில மேடம்."

"அப்ப பாலத்துக்கு அடிதான் ஏழாம் இடம். சட்டப்படி பதினோரு வருஷமா அதுதான் ஏழாம் இடம். வரைபடம்தான் தப்பான இடத்துல புள்ளி வச்சிருக்கு. அந்தப் புள்ளிய நம்பி மெஷினையும் தப்பான இடத்துல வச்சிட்டோம். தப்பான இடத்துல வச்சா எந்த மெஷினும் கத்தத்தானே செய்யும்?"

"ரெண்டாம் இடமும் அங்கதானே மேடம் இருக்கு?"

"ரெண்டும் ஏழும் ஒரே இடத்துல இருக்கக் கூடாதுன்னு விதியில எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

யாராலும் காட்ட முடியவில்லை.

"மேடம்," என்றார் பாட்டில்காரர், மேசையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப வளைவுல ஓடறது?"

வரைபட அம்மாள் பட்டியலை மேலிருந்து கீழ் வரை விரலால் தடவிப் பார்த்தார். "எட்டு இடத்துலயும் அது இல்லையே. பட்டியல்ல இல்லாத தண்ணியப் பத்தி வாரியம் கருத்து சொல்ல முடியாது."

"சான்றிதழ்?"

"ஏழாம் இடத்துத் தண்ணி சுத்தம்னுதானே சான்றிதழ்? ஏழாம் இடம் சுத்தமாத்தானே இருக்கு? அதுல என்ன குறை கண்டீங்க?"

கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தவருக்கு வெட்ட ஒரு கத்தி கூடக் கிடைக்கவில்லை. வாரியம் அவரை மன்னிக்கவும் இல்லை. மன்னிக்க ஒரு குற்றம் வேண்டுமே! மறுநாள் காலை கருவியை வண்டியில் ஏற்றி, பூங்கா பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அது ஒரு மடக்கு வாத்துத் தண்ணீரை உறிஞ்சியது. விக்கல் நின்ற குழந்தை மாதிரி அமைதியானது. தாழ்வாரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. 'தூய்மை.'

அந்தச் சனிக்கிழமை பாலத்தடியில் விழா. பந்தல், நாற்காலி, மைக். கருவியின் தவறைக் கண்டுபிடித்த ஊழியருக்குச் சால்வை. குணமாக்கும் வளைவு மக்களையும் வாரிய வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்; சைரன் தொல்லை நீங்கியதற்கு அவர்கள் நன்றி சொல்ல வேண்டுமாம். பாட்டில்காரர் மேடையிலிருந்து பார்த்தார். மூன்றாவது வரிசையில் தங்கை. பக்கத்தில் வாலு, தங்கையின் தோளில் சாய்ந்துகொண்டு. தங்கை கையை ஆட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரியிடம் மேடையைக் காட்டி ஏதோ சொன்னாள். 'எங்க அண்ணன்' என்றுதான் சொல்லியிருப்பாள்.

நாலு நாளாக அவர் அவள் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும், பத்து டம்ளர் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. நாலு நாள், நாற்பது டம்ளர்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "வாத்துகளே சாட்சி!" என்று ஆரம்பித்தார். "உலகத்துல எத்தனையோ வாரியங்கள் ஆத்தோட போராடுது. நம்ம வாரியம் ஒண்ணுதான், ஆறு அழுக்கான இடத்துலேருந்து சோதனை இடத்தையே காப்பாத்தியிருக்கு. இனிமே எங்க அழுக்கு வந்தாலும் கவலை இல்ல. நாங்க அங்க இருக்க மாட்டோம்!"

பலத்த கைதட்டல். சால்வை போர்த்தினார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

அவர் மைக்கைப் பார்த்தார். இதுதான் நேரம் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. மூன்றே மூன்று வார்த்தையில் சொல்லிவிடலாம். மூச்சை இழுத்தார். மூன்றாவது வரிசையில் தங்கை போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நன்றி" என்றார். "வணக்கம்."

அவர்கள் கேட்டதும் இரண்டு வார்த்தைதான்.

மேடையை விட்டு இறங்கியதும் தங்கை ஓடி வந்தாள். "அண்ணே! சைரன நீதான் நிறுத்தினியாமே! தெருவே உன்னக் கும்புடுது போ. ஏண்ணே போன எடுக்கல? டாக்டர் அடுத்து சமையல் பாத்திரத்தையெல்லாம் பாக்கணும்னாரு. இருந்த நாலு பாத்திரத்தையும் மாத்திட்டேன்."

அவர் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தபோது டீக்காரர் தட்டோடு வந்து சேர்ந்தார். வாரியத்தில் பாட்டில்காரரின் முகத்தைப் பார்த்தே எத்தனையாவது டீ என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர்.

"வாங்க விழா நாயகரே, பிடிங்க! காலையிலேருந்து நாலுதான் உள்ள போயிருக்கு, இது அஞ்சு. ஏம்மா, நீங்கதான் இவரு தங்கச்சியா? உங்க அண்ணன நம்பித்தான்ம்மா எங்க அடுப்பே எரியுது. ஒரு நாளைக்கு ஏழு டீக்குக் குறைஞ்சா மனுஷனுக்குக் கை ஓடாது!"

பழக்கம். கை தானாக நீண்டது. டம்ளரை வாங்கியது. அவருக்குத் தெரியாமலே ஒரு மிடறும் உள்ளே போய்விட்டது.

அப்போது வாலு அம்மாவின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மூடியைத் திருகினாள். "அம்மா, ஆறாவது டம்ளர இதுலயே குடிச்சிரட்டுமா?" என்று வாயில் வைக்கப் போனாள்.

"அதக் குடிக்காத!"

பதினோரு வருடமாக வராத குரல். சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். வாத்து ஒன்று சடசடவென்று இறக்கையை அடித்துக்கொண்டு தள்ளிப் போனது. குழந்தையின் வாயிலிருந்து பாட்டிலைப் பிடுங்கியிருந்தார். தண்ணீர் சால்வை மேல் சிந்தியது.

வலது கையில் டீ. இடது கையில் பாட்டில்.

தங்கை முதலில் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு டீ டம்ளரைப் பார்த்தாள். மறுபடியும் பாட்டிலைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்:

"ஆறு வருஷமா நீ விட்டது டீய இல்ல... எங்க வீட்டுத் தண்ணிய, இல்லியாண்ணே?"